பூப்பொட்டலத்தை என் மகள் எடுக்காத நாள்

மார்பில் வந்த புற்றுநோய்க்குப் போட்ட ஊசி மருந்து இருதயத்தைப் பலவீனமாக்கிவிட்டது என்று டாக்டர் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. டாக்டர் மேல் இல்லை. இப்படி நடக்கலாம் என்று அவர் முதல் நாளே சொல்லித்தான் ஊசியை ஆரம்பித்தார். வீட்டுக்காரர் மேலும் இல்லை. யோசித்துப் பார்த்தால், கோபமெல்லாம் அம்மன் மேல்தான். ஒரு நோயைத் தாங்குகிறேன் என்று நான் ஒத்துக்கொண்டு ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகியிருந்தது. இரண்டாவதை யார் கேட்டார்கள்?

நான் எழுத வந்தது அம்மன் எனக்குச் செய்த உதவியைப் பற்றி. ஆனால் இனிக்க இனிக்க எழுத எனக்கு வராது. என்னைப்போல ஏதோ ஒரு சந்நிதியில் கலங்கிப்போய் நிற்கிறவர்கள் இதைப் படிப்பார்கள் என்றுதான் எழுதுகிறேன். அவர்களுக்கு இனிப்பு தேவையில்லை.

நான் பிறந்தது சென்னிமலை. வேதியியல் படித்துவிட்டு, கோவையில் ஒரு தனியார் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கட்டிக்கொடுத்தது வெள்ளகோவில் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில். வீட்டுக்காரர் பம்ப் கம்பெனியில் வேலை செய்கிறார். சிங்காநல்லூரில் குடியிருக்கிறோம். ஒரே மகள், பெயர் யாழினி. இதெல்லாம் தொடங்கியபோது அவளுக்கு அப்போதுதான் நான்கு வயது முடிந்திருந்தது.

ஆடி மாதத்தில் ஒருநாள் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டியது. புளியங்கொட்டை அளவு. வலி இல்லை. மாமியாரிடம் சொன்னேன்.

"சூட்டுக் கட்டியா இருக்குமுங் கண்ணு. வெளக்கெண்ணெ தடவி உடு. ஆடியில போயி ஆசுபத்திரி வாசல்ல நிக்கோணுமா? ஆவணி பொறக்கட்டும், போயிப்போட்டு வரலாம்."

எங்கள் வீட்டில் ஆடியில் எதையும் தொடங்கமாட்டார்கள். வண்டி வாங்கமாட்டார்கள், குடி போகமாட்டார்கள். டாக்டரைப் பார்ப்பதும் அதில் சேர்ந்துபோனது. ஆவணி பிறந்து நான் போனபோது கட்டி எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்திருந்தது. வேகமாக வளரும் வகை என்றார் டாக்டர். "கொஞ்சம் கோபக்கார வகைம்மா இது. ஆனா இதுக்குன்னே ஒரு ஊசி இருக்கு. கீமோவோட சேர்த்து ஆரம்பிச்சு, வருஷம் பூரா போடணும்" என்றார். அந்த ஒரு மாதம் முன்னால் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரிடம் கேட்டேன். அதை இனி யோசிக்க வேண்டாம் என்றார். இன்றுவரை யோசிக்கிறேன்.

கீமோ ஆரம்பித்ததும் முடி போயிற்று. நோயை வெளியே சொல்ல வேண்டாம் என்று குடும்பத்தில் முடிவு. சொந்தத்தில் ஒரு காதுகுத்துக்குப் போனபோது பந்தியில் ஒரு அம்மாள் என் தலையைப் பார்த்துக் கேட்டார்.

"ஏனம்மணி, மொட்ட பழனிக்கா, சென்னிமலைக்கா?"

நான் வாய் திறப்பதற்குள் மாமியார் சொல்லிவிட்டார். "பழனிக்குங்க. ஒரு வேண்டுதலைங்க."

"அதுக்கு? புருவத்தையுங் கூடவா முருகன் கேட்டான்?"

பந்தியில் நான்கைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியைத் துணி போட்டு மூடினேன்.

பங்குனியில் ஆபரேஷன். இடது மார்பை எடுத்துவிட்டார்கள். பிறகு கதிர்வீச்சு. இடையில் அந்த ஊசி விடாமல் நடந்துகொண்டிருந்தது. அது இருதயத்தைப் பலவீனப்படுத்தக்கூடும் என்பதால் சில மாதத்துக்கு ஒருமுறை எக்கோ பார்ப்பார்கள். முதல் இரண்டு முறையும் நன்றாகத்தான் இருந்தது. ஆனி மாதம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கத் தொடங்கியது. கால் வீங்கியது. மல்லாந்து படுத்தால் யாரோ நெஞ்சின் மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. கதிர்வீச்சின் அசதி என்று நினைத்தோம். எக்கோ வேறு காரணத்தைச் சொன்னது. இருதயம் ரத்தத்தைத் தள்ளும் சக்தி அறுபது சதவீதத்துக்கு மேல் இருந்தது நாற்பதுகளுக்கு இறங்கியிருந்தது.

"ஊசிய இப்போதைக்கு நிறுத்தி வெக்கிறோம்" என்றார் புற்றுநோய் டாக்டர். "இருதய டாக்டர் மாத்திரை ஆரம்பிப்பார். ஒரு மாசம் கழிச்சு மறுபடி எக்கோ பார்த்துட்டு முடிவு பண்ணலாம்."

வீட்டுக்காரர் கேட்டார். "ஊசிய நிறுத்துனா அது மறுபடியும் வந்துராதுங்களா?"

"அதனாலதான் நானும் இருதய டாக்டரும் சேர்ந்து பார்க்குறோம்."

போட்டால் இருதயம். போடாவிட்டால் புற்று. வெளியே வந்து காரில் உட்கார்ந்தோம். எனக்குக் கேட்க ஆயிரம் இருந்தன. டாக்டரிடம் கேட்கும் வேலை ஆண்களுடையது என்று அந்த முதல் நாள் கேள்விக்குப் பிறகு ஒரு வருஷமாக நான் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒன்றைக் கேட்டால் அடுத்ததைக் கேட்கத் தயங்குவார். மிச்சத்தைக் கேட்காமலே திரும்பி வருவோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் ஊரில் எல்லோரும் கூடினார்கள். வீட்டுக்காரரின் அக்காவும் வந்திருந்தார். நான் அவரை நங்கையா என்று கூப்பிடுவேன். மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவர்.

"நாஞ் சொன்னா தப்பா எடுத்துக்காத அம்மணி. கட்டிக்கிட்டு வந்த ஊட்டு அம்மன உட்டுப்போட்டு, இன்னும் பொறந்த ஊட்டு முருகனையே கூப்புட்டுட்டு இருந்தீன்னா, இவ எதுக்குத் தொணைக்கு வருவா?"

எனக்குச் சுருக்கென்றது. ஊசி ஏற்றும்போதெல்லாம் என் வாயில் "முருகா" என்றுதான் வரும். அது சின்ன வயசுப் பழக்கம். கல்யாணமானதும் புகுந்த வீட்டுக் குலதெய்வம்தான் நமக்கும் என்று எனக்குத் தெரியும். பொங்கல் வைத்திருக்கிறேன், நோன்பு இருந்திருக்கிறேன். படித்தவள் என்பதால் என் பயம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஒருவேளை முருகனைக் கூப்பிட்டதால்தானோ இதெல்லாம் என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

நங்கையாதான் வழியும் சொன்னார். "தம்பி, டாக்டருக்கே தெரியாததுக்கு நாம எதுக்கு மண்டைய ஒடைக்கோணும்? வெள்ளிக்கிழம அம்மங்கிட்டப் பூக் கேட்டுப்போடலாம்."

பூக் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். கிணறு வெட்டுவதா, பெண் எடுப்பதா, எதுவானாலும் கேட்பார்கள். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்பு அரளியை ஒரு பொட்டலமாகவும் ஒரே மாதிரி இலையில் மடித்து அம்மன் முன்னால் வைப்பார்கள். விவரம் தெரியாத ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள். சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள். என் கல்யாணத்துக்கே இப்படித்தான் கேட்டார்கள். வெள்ளை வந்தது. அந்த வழக்கத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இன்றும் இல்லை.

வெள்ளை வந்தால் ஊசியைத் தொடர்வது. சிவப்பு வந்தால் ஊசியை அடியோடு விட்டுவிட்டு நாட்டு மருந்துக்குப் போவது. அப்படி முடிவானது.

"எந்தப் புள்ளைய எடுக்கச் சொல்றதுங்க?" என்று கேட்டேன்.

"எதுக்கு வேற புள்ள? யாழினி இருக்கறாளே! அவ அம்மாளுக்கு அவளே எடுக்கட்டும். அவளோட கை சுத்தமுங்" என்றார் நங்கையா.

மாமியார் தலையை ஆட்டினார். வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விட்டேன்.

அடுத்த சில நாட்கள் எனக்கு இருதயமும் ஞாபகம் இல்லை, புற்றும் ஞாபகம் இல்லை. ஒன்றே ஒன்றுதான். வெள்ளை வந்து, ஊசி போட்டு, என் இருதயம் நின்றுபோனால்? சிவப்பு வந்து, ஊசியை விட்டு, நோய் திரும்பி வந்தால்? எது நடந்தாலும், யாழினி பெரியவளான பிறகு ஏதாவது ஒரு விசேஷ வீட்டில் யாராவது ஒருத்தர் சொல்லத்தான் போகிறார்: "உங்கம்மாளுக்கு அன்னைக்கு நீதானே கண்ணு பூ எடுத்த." வேண்டுமென்று சொல்லமாட்டார்கள். சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டே சொல்வார்கள். என் மகள் அதைத் தூக்கிக்கொண்டு காலம் பூரா நடப்பாள்.

அப்புறம் என்னையே திருப்பிக் கேட்டேன். அம்மன் உத்தரவு என்று நம்பினால், எடுக்கிற கைக்கு என்ன பாரம்? அப்படியானால் நான் அம்மனை நம்பவில்லையா? சமையல்கட்டில் நின்றுகொண்டு வேண்டினேன். பருப்பு வேகும்போது வேண்டினேன். என் உயிரைக் கேட்கவில்லை. "அம்மா, எந்தப் பூ வேண்டுமானாலும் வரட்டும். இவள் கையால் வேண்டாம். இதை எல்லோர் முன்னாலும் சொல்ல எனக்கு வாய் கொடு." அவ்வளவுதான் என் வேண்டுதல்.

வெள்ளிக்கிழமை காலை கோயிலுக்குப் போனோம். யாழினிக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டது நான்தான். கட்டும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். காரில் நினைத்தேன். செருப்பைக் கழற்றும்போது நினைத்தேன். வாய் வரவில்லை. பூசாரி அபிஷேகம் முடித்து, கற்பூரம் காட்டி, இரண்டு பொட்டலத்தையும் அம்மன் காலடியில் வைத்து எடுத்து ஒரு தாம்பாளத்தில் முன்னால் வைத்தார். எங்கள் வீட்டு ஆட்கள் மட்டும்தான் நின்றோம்.

"வா சாமி. கண்ண மூடிக் கும்புட்டுப்போட்டு ஒன்ன எடுத்துக் குடு" என்றார் பூசாரி.

யாழினி போய் முட்டி போட்டு உட்கார்ந்தாள். கும்பிட்டாள். கையை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது. ஒரு பொட்டலத்தைப் பார்த்தாள், மற்றதைப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அம்மா, எத எடுத்தா நீ சாவ மாட்ட?"

அவளிடம் நாங்கள் சொன்னதெல்லாம் அம்மாவுக்குக் காய்ச்சல் என்பதுதான். அந்தச் சொல்லை அவள் முன்னால் யாரும் எடுத்ததில்லை. எங்கிருந்து கேட்டாளோ, எத்தனை நாளாய் உள்ளே வைத்திருந்தாளோ. விவரம் தெரியாத குழந்தை என்று நாங்கள் கூட்டிக்கொண்டு வந்த குழந்தைக்கு எங்கள் எல்லோரையும்விட விவரம் தெரிந்திருந்தது.

பூசாரி கையில் இருந்த மணியைக் கீழே வைத்தார்.

"எடுக்க வேண்டாம். எந்திரிச்சு வா" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை.

"ஏனம்மணி, சாமிக்கு முன்னால வெச்ச பூவ எடுக்காமப் போனாக் குத்தமாயிப்போகும்" என்றார் நங்கையா.

"குத்தம்னா எனக்கு வரட்டுங் நங்கையா. புள்ளைக்கு வேண்டாமுங்."

"அப்ப முடிவ யாரு சொல்றது?"

"நாஞ் சொல்றேனுங்க. டாக்டர்கிட்டக் கேட்டுப்போட்டு நானே சொல்றேன்."

யாழினியைத் தூக்கினேன். ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையால் கனம் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அந்த இருதயத்தோடு தூக்கவே கூடாது. வாசல்வரைகூடப் போக முடியவில்லை. மூச்சு வாங்க, தூணைப் பிடித்து நின்றேன். வீட்டுக்காரர் ஓடிவந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். உள்ளே மாமியார் ஏதோ சொல்வது கேட்டது. பூசாரியின் பதிலும் கேட்டது: "உடுங்கம்மா. கேக்கறவிய மனசு ஒன்னா இல்லீன்னா ஆத்தா எங்கிருந்து சொல்லுவா?" மாமியார் இரண்டு பொட்டலத்தையும் பிரிக்காமல் எடுத்துப்போய்க் கோயில் கிணற்றில் போட்டுவிட்டு வந்தார்.

"நான் பிரிச்சுப் பாக்கலீங் கண்ணு" என்றார் என்னிடம். "நீயும் எது எதுன்னு நெனைக்காத."

திரும்பும்போது வீட்டுக்காரர் வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னார். "நாந்தான் சொல்லியிருக்கோணும்."

"ஆமாங்க" என்றேன்.

அந்தக் கேள்வியை யாழினி கேட்கவில்லை, அம்மன்தான் கேட்டாள் என்று நான் முழுதாக நம்புகிறேன். எனக்கு வாய் கொடு என்று வேண்டினேன். நான் திறக்கமாட்டேன் என்று தெரிந்து அவள் என் மகளின் வாயைத் திறந்தாள். நான் கேட்டதைத்தான் கொடுத்தாள். ஆனால் ஐந்து வயதுகூட நிறையாத பிள்ளையின் வாயால் அந்த வார்த்தையை வரவைத்துத்தானா கொடுக்க வேண்டும்? இந்த வழக்கு எனக்கும் அம்மனுக்கும் இன்னும் தீரவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்கிறேன்.

அன்று சாயங்காலம் யாழினியை மடியில் உட்காரவைத்துச் சொன்னேன். அம்மாவுக்குப் பெரிய நோய். டாக்டர்கள் மருந்து கொடுக்கிறார்கள். சரியாகுமா என்று எனக்கே தெரியாது. ஆனால் நீ எதைச் செய்தாலும், செய்யாவிட்டாலும், அதனால் அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது. அவள் வெகுநேரம் என் விரலை நீவிக்கொண்டிருந்தாள். "அப்ப நான் ஸ்கூலுக்குப் போலாமா?" என்றாள். இரண்டு வாரமாக வயிற்றுவலி என்று பள்ளிக்கூடம் போகாமல் இருந்தாள். என்னைக் காவல் காத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அடுத்த முறை டாக்டர் முன்னால் நடு நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். இருதயம் திரும்பத் தேறுமா? ஊசியை நிறுத்தி வைக்கும் இந்த இடைவெளியில் நோய் வளருமா? தேறாவிட்டால் வேறு என்ன இருக்கிறது? ஒவ்வொன்றாகக் கேட்டேன். இந்த ஊசியால் வரும் பலவீனம் பெரும்பாலும் மாத்திரையில் தேறிவிடும், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றார். சில வாரம் நிறுத்துவதால் கொஞ்சம் ஆபத்து உண்டு, அதைவிட இப்போதே போடுவதில் ஆபத்து அதிகம் என்றார். தேறாவிட்டால் என்னென்ன வழி என்றும் சொன்னார். போடு, விடு என்று நாங்கள் இரண்டே பொட்டலம் மடித்தோம். நடுவில் பொறுத்திருந்து மறுபடியும் தொடங்குவது என்று ஒன்று இருந்தது. அதை டாக்டர் எக்கோ பார்த்த அன்றே சொல்லியிருந்தார். பயத்தில் எங்கள் யாருக்கும் அது காதில் விழவில்லை.

அந்த ஒரு மாதம் நரகம். மாத்திரையால் தலை சுற்றியது. பிறகு வறட்டு இருமல் வந்தது. நுரையீரலுக்கு நோய் பரவிவிட்டது என்று நானே முடிவு செய்து, நான் இல்லாமல் போனால் மற்றவர்கள் கைக்கு எட்டட்டும் என்று யாழினியின் உடைகளைக்கூட அடுக்கி வைக்கத் தொடங்கிவிட்டேன். மாத்திரையால் வரும் இருமல்தான் என்று சொல்லி வேறு மாத்திரை கொடுத்தார்கள். இருமல் நின்றது. அம்மன் முன்னால் பூ எடுக்காமல் வந்த குற்றம்தான் இதெல்லாம் என்று நங்கையா யாரிடமோ சொன்னது என் காதுக்கு வந்தது. கோபப்பட்டேன். அப்படியும் இருக்குமோ என்று பயந்தும் போனேன்.

உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். இரண்டு சமையல் வேண்டாம் என்று வீட்டுக்காரரும் என்னோடு உப்பில்லாமலே சாப்பிட்டார். "உப்பில்லாத அரிசிம்பருப்புச் சோறு தின்னு தின்னு எனக்குச் சொரணையே போயிருச்சு. கம்பெனில மேனேஜர் திட்டுனாலும் ஒறைக்க மாட்டேங்குது" என்றார். வெகுநாள் கழித்து நான் சத்தமாகச் சிரித்தது அன்றுதான்.

மறுபடி எக்கோ பார்த்தபோது இருதயம் ஐம்பதைத் தாண்டியிருந்தது. ஊசியைத் தொடர்ந்தார்கள். முன்னைவிட அடிக்கடி எக்கோ, மாத்திரை நிறுத்தாமல். ஒவ்வொரு முறையும் அந்தக் குளிர்ந்த பசையை நெஞ்சில் தடவும்போது "அம்மா" என்றும் சொன்னேன், "முருகா" என்றும் சொன்னேன். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. மிச்சமிருந்த ஊசியும் ஒருவழியாக முடிந்தது. கடைசி ஸ்கேனில் நோய் இல்லை என்றார்கள்.

"பாத்தியா, அம்மன் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டா" என்றார் நங்கையா. எல்லாவற்றையும் எடுக்கவில்லை. மார்பு இல்லை. இருதய மாத்திரை தினமும் போடுகிறேன், எதுவரை என்று டாக்டர் சொல்லவில்லை. வேகமாகப் படி ஏறினால் நின்றுதான் ஏற வேண்டும். நோய் திரும்பி வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. முதலில் நான் அம்மனிடம் வேண்டியது, அந்தக் கட்டி சும்மா சூட்டுக் கட்டியாக இருக்க வேண்டும் என்று. அதை அவள் கொடுக்கவில்லை. முடி கொட்டக் கூடாது என்று கேட்டேன், அதையும் கொடுக்கவில்லை. ஒரு ஆடி மாதத்தைத் திருப்பித் தா என்றுகூடக் கேட்டிருக்கிறேன்.

கொடுத்தது ஒன்று. என் மகளின் கை வெறுங்கையாக வீடு திரும்பியது. என் ஆயுசு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அது நீண்டாலும் குறைந்தாலும் அவள் கணக்கில் வராது. அதற்காக அந்தச் சந்நிதியில் எத்தனை தரம் விழுந்து கும்பிட்டாலும் தகும். நான் கும்பிடுகிறேன்.

இதைப் படிக்கிற அம்மாக்களே, உங்கள் தெய்வம் எதுவோ அதை நம்பிப் போங்கள். அழுது கேளுங்கள், சண்டை போட்டும் கேளுங்கள், அவள் காது கேட்கும். டாக்டரிடமும் நீங்களே வாய் திறந்து கேளுங்கள். பூக் கேட்க வேண்டுமானால் அதையும் கேளுங்கள். பிள்ளை மட்டும் வெளியே மணலில் விளையாடிக்கொண்டிருக்கட்டும். உங்கள் உயிருக்கான பூவை உங்கள் கையாலேயே எடுங்கள்.